கியூப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தச்சன் அல்ல. நாகர்கோவிலில் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் பத்துப் பதினைந்து கருவிகளும் வைத்திருக்கிறேன். மகளின் கியூப்களுக்காக, அதாவது வண்ணக் கட்டங்களைச் சுழற்றிச் சேர்க்கும் ரூபிக் கியூப் வகைப் புதிர்களுக்காக, ஒரு பெட்டி செய்யப் போய், அவள் தோழிகளுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் செய்யும்படி ஆகிவிட்டது. கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

கியூபுக்கு எதற்குத் தனிப் பெட்டி? அலமாரியில் வைத்தால் போதாதா?

ஒன்று இரண்டு இருந்தால் போதும். ஆனால் இந்தப் பழக்கம் ஒன்று இரண்டோடு நிற்பதில்லை. உலக கியூப் சங்கம் நடத்தும் போட்டிப் பிரிவுகள் 17. அவற்றுக்குத் தேவையான புதிர்கள் 11 வகை: 2×2 முதல் 7×7 வரை (ஒரு வரிசையில் எத்தனை கட்டம் என்பதே எண்) ஆறு, பிரமிங்க்ஸ், மெகாமிங்க்ஸ், ஸ்கியூப், ஸ்கொயர்-1, கிளாக். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், வீடு வந்து சேரும்போது பிரமிங்க்ஸின் நுனி ஒன்று 7×7-இன் இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். திறந்த அலமாரியில் தூசி உள்ளே இறங்கும். அது கியூபுக்குள் விடும் சிலிக்கோன் எண்ணெயோடு சேர்ந்து பசையாகி, சுழற்சியை மந்தமாக்கும். சன்னலோரம் என்றால் வெயில் பட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும்.

அளவு எப்படி எடுப்பது?

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1974-இல் புடாபெஸ்டில் கட்டடக்கலை கற்பித்துக்கொண்டிருந்த எர்னோ ரூபிக் உருவாக்கி, 1980-இல் உலகச் சந்தைக்கு வந்த அந்தப் பழைய கியூபின் பக்கம் 57 மில்லிமீட்டர். இன்றைய வேகக் கியூப்கள் பெரும்பாலும் 55, 56. 2×2 ஏறக்குறைய 50. 5×5 அறுபதைத் தாண்டும். 7×7 எழுபதை ஒட்டி வரும். மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால் டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். "அங்கிள், சாதாரண கியூப்தான்" என்று கைப்பேசியில் படம் அனுப்புகிறவர்களுக்கு நான் பெட்டி செய்வதில்லை.

கியூப் சமாச்சாரமெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கும். நம் ஊர் ஆசாரிகள் அங்குலத்திலும் நூலிலும் பேசுவார்கள். ஓர் அங்குலத்துக்கு 8 நூல், ஒரு நூல் என்பது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். என் முதல் பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. 56 மில்லிமீட்டர் கியூபுக்கு இரண்டேகால் அங்குலம், அதாவது 2 அங்குலம் 2 நூல் என்று கணக்குப் போட்டேன். 57.15 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறதே என்று மகிழ்ச்சியாக அறுத்து, ஒட்டி, கடைசியில் உள்ளே வெல்வெட் ஒட்டினேன். வெல்வெட் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தின்றது. மிச்சம் 55.15. ஆறு அறை, ஆறிலும் கியூப் இறங்கவில்லை. அந்தப் பெட்டியில் இப்போது என் மனைவி ஊசி நூல் வைத்திருக்கிறார்.

அதன்பின் மார்த்தாண்டம் பக்கம் தேன் பெட்டி செய்யும் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பரவிய தேனீ வளர்ப்பு அந்தப் பகுதியில் இன்றும் இருக்கிறது. பெட்டி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் என் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, நீ பொருளை அளந்திருக்கிறாய். சுற்றி விட வேண்டிய சந்து எவ்வளவு என்று அளக்கவில்லையே" என்றார். தேன் பெட்டியில் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே தேனீ நடமாட 7, 8 மில்லிமீட்டர் விடுவார்கள். சந்து கூடினால் தேனீ குறுக்கே அடை கட்டிவிடும், குறைந்தால் நுழையாது. அவர் அறுப்பது பலகையை, மனத்தில் இருப்பது அந்தச் சந்து.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். கியூபின் அளவு, இரு பக்க விரிப்பின் தடிமன், அதற்கு மேல் மொத்தமாக 2 மில்லிமீட்டர் சந்து. 56 கியூபுக்கு 2 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டுவதாக இருந்தால், 56 + 4 + 2 = 62. நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு என ஆறு கியூபுக்கு, தடுப்பு 4 மில்லிமீட்டர் என்றால், உள்நீளம் 194, உள்ளகலம் 128. பலகை 12 மில்லிமீட்டர் என்றால் வெளி அளவு 218-க்கு 152.

உயரத்தில் வேறு கணக்கு. அறைத் தடுப்புகளை கியூபின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு, 37 மில்லிமீட்டரில் நிறுத்திவிடுங்கள். மேலே 19 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தால்தான் விரலால் பிடித்துத் தூக்க முடியும். தடுப்பை முழு உயரத்துக்கு வைத்தே தீருவேன் என்பவர்கள் ஒவ்வொரு தடுப்பிலும் விரல் நுழைய அரைவட்டம் வெட்ட வேண்டும். இல்லையென்றால் கியூபை எடுக்கப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். பெட்டியின் உள்ளுயரம் 60, அடியில் 2 மில்லிமீட்டர் ஃபோம், மூடியின் உட்புறம் 3 மில்லிமீட்டர் மெல்லிய பஞ்சு. மூடும்போது பஞ்சு ஒரு மில்லிமீட்டர் அமுங்கிக் கியூபைப் பிடித்துக்கொள்ளும். குலுக்கினால் சத்தம் வராது.

எந்த மரம் நல்லது?

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மரத்துக்கு அலைய வேண்டியதில்லை. என் முதல் தேர்வு பலா. மஞ்சள் நிறத்தில் இருந்து, ஆண்டுகள் போகப் போகத் தேன் நிறமாகிப் பழுப்பேறும். உளிக்கு ஒத்துழைக்கும். அதன் உழைப்பைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய், தாய்க் கொட்டாரத்தில் உள்ள பலாமரத் தூணைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து நம் பெட்டியைப் பார்த்தால் சற்று வெட்கமாக இருக்கும், அது வேறு. பலாவில் ஒரு குறை உண்டு. வைரம் பாய்ந்த பகுதியில் நீர் பட்டால் மஞ்சள் சாயம் இறங்கும். துறவிகளின் ஆடைக்குச் சாயம் ஏற்ற இதே கட்டையைத்தான் கொதிக்கவைத்தார்கள். ஆகவே உட்புறத்தையும் பூச்சு இல்லாமல் விடாதீர்கள்.

அயனி, நம் மாவட்டத்தில் கதவு நிலைக்கு வைப்பது, பலாவின் உறவுதான். பழைய வீடு இடித்த இடங்களில் சட்டங்களாகக் கிடைக்கும். ஐம்பது அறுபது ஆண்டு காய்ந்த மரம் என்பதால் இனி முறுக்கிக்கொள்ளாது. ஆனால் ஆணி ஒளிந்திருக்கும். இழைப்புளியின் வாய் போய்விடும். ஒரு காந்தத்தை மேலே உருட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் பால் வற்றி வெட்டும் ரப்பர் மரம் மலிவு, வெளிர் நிறம், எடையும் கையாளத் தக்கது. பதப்படுத்தாத ரப்பர் பலகையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு விருந்து. வெட்டிய சில நாளிலேயே நீலம் பாயும், சில மாதத்தில் உளுத்துவிடும். போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றி உலர்த்திய பலகைதான் வேண்டும். வாங்கும் இடத்தில் பலகையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். மாவுபோலப் பொடி உதிர்ந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

தேக்கு நல்ல மரம்தான். கியூப் பெட்டிக்குத் தேக்கு வாங்குவது என் பார்வையில் ஆடம்பரம்.

பிளைவுட், எம்.டி.எஃப்.?

தடுப்புகளுக்கும் அடிப்பலகைக்கும் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டே சிறந்தது, மழைக்கும் வெயிலுக்கும் அளவு மாறாது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வழவழப்பாக வெட்டலாம், ஆனால் ஒருமுறை ஈரம் குடித்தால் ஓரம் ஊதிவிடும். குளச்சலிலோ கன்னியாகுமரியிலோ கடற்கரையை ஒட்டி வீடு என்றால் வேண்டவே வேண்டாம்.

மூலைகளை எப்படி இணைப்பது?

புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டு பலகைகளையும் 45 டிகிரியில் வெட்டி ஒட்டுவதையே விரும்புகிறார்கள், பார்க்க அழகாக இருப்பதால். பசை மட்டுமே தாங்கும் மூட்டு அது. பிள்ளை ஒருமுறை கீழே போட்டால் வாய் பிளக்கும். இரு கை விரல்களையும் கோத்ததுபோல் பல் வெட்டிக் கோக்கும் மூட்டு பலம் அதிகம், பசை பிடிக்கப் பரப்பும் அதிகம். பற்களை 6 மில்லிமீட்டரில் வைத்தால் சின்னப் பெட்டிக்குக் கண்ணுக்கு இதமாக இருக்கும். பசை போட்டு இறுக்கியவுடன், காய்வதற்கு முன், மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நான்கு மூலையும் செங்கோணம். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் நீளமான மூலைவிட்டத்தின் வழியாக மெல்ல அழுத்திச் சரிசெய்துவிடலாம். காய்ந்த பிறகு யாராலும் முடியாது.

மழைக்காலத்தில் மூடி திறக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரம் நாரின் குறுக்குவாட்டில் ஈரத்தை உறிஞ்சி அகலும், நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. முழுப்பலகையை மூடியாக வைத்து நான்கு பக்கமும் ஒட்டினால், அது அகல இடமில்லாமல் ஒன்று வளையும் அல்லது சட்டத்தைப் பிளக்கும். மூடிக்குச் சட்டம் செய்து, சட்டத்தில் பள்ளம் எடுத்து, பலகையை ஒட்டாமல் பள்ளத்துக்குள் சும்மா உட்காரவையுங்கள். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சந்து விட்டால் ஆடி மாதத்திலும் அது அங்கேயே அகன்று, மாசியில் சுருங்கிக்கொள்ளும். ஏற்கெனவே முழுப்பலகையில் செய்துவிட்டவர்கள் மழை முடியும்வரை காத்திருக்கலாம். அவசரப்பட்டு மழைக்காலத்தில் இழைத்துத் தள்ளினால் கோடையில் மூடி லொடலொடவென்று ஆடும்.

உள்ளே என்ன விரிப்பது?

கைவினைப் பொருள் கடைகளில் தாளாக விற்கும் இ.வி.ஏ. ஃபோம் 2 மில்லிமீட்டர். என் கைக்குப் பழகியது இதுதான். வெல்வெட் அழகு, வடசேரியில் கோயில் நகைகளுக்கு வைக்கும் பெட்டிபோல இருக்கும், ஆனால் கியூபில் எண்ணெய் விட்ட கையோடு வைத்தால் கறை படியும், அதன் இழையும் கியூபுக்குள் போகும்.

ரெக்சின் வேண்டாம். அதன் மேற்பூச்சான மெத்தென்ற பி.வி.சி.யில் அதை இளக்கமாக வைத்திருக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். அது மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் வேறு பிளாஸ்டிக்குக்குள் நுழையும். பள்ளிக்கூடப் பெட்டியில் ரப்பர் அழிப்பான் பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தெடுத்தால் பள்ளம் விழுந்திருக்குமே, நினைவிருக்கிறதா? அதே வேலைதான். கியூபின் முகம் பிசுபிசுத்துப் போகும்.

பிரமிங்க்ஸுக்கு முக்கோண அறைதான் செய்ய வேண்டுமா? வெட்டவே வரவில்லை.

வேண்டாம்! இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் எனக்குத் தனி உற்சாகம்.

பிரமிங்க்ஸ் என்பது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட பிரமிடு. விளிம்பு 98 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தரையில் உட்காரவைத்தால் உயரம் 80. அந்த ஒரு புதிருக்காக முழுப் பெட்டியின் மூடியையும் உயர்த்த வேண்டிவரும். இப்போது ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் முகத்தில் ஒரு மூலைவிட்டம், கீழ் முகத்தில் அதற்குக் குறுக்காக இன்னொரு மூலைவிட்டம். இந்த இரு கோடுகளின் நான்கு முனைகளையும் இணைத்தால் கிடைப்பது பிரமிங்க்ஸ்தான். ஆக அதை ஒரு விளிம்பின் மேல், அறையின் மூலைக்கு மூலையாகப் படுக்கவைத்தால், பக்கம் 69 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான கனசதுரத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். 98-ஐ 1.414-ஆல் வகுத்துப் பாருங்கள். விரிப்பும் சந்தும் சேர்த்து 76 மில்லிமீட்டர் சதுர அறை போதும். உயரத்தில் 7×7-க்குப் பக்கத்தில் வந்துவிடும். என் மகள் இதை முதலில் நம்பவில்லை. உருளைக்கிழங்கைக் கனசதுரமாக நறுக்கி, நான்கு மூலைகளைச் சீவிக் காட்டியபிறகு நம்பினாள்.

எச்சரிக்கை ஒன்று: நான்கு நுனிகளும் அறையின் மூலைகளில் முட்டும். மூலைகளில் மட்டும் ஃபோமை வெட்டி எடுத்துவிடுங்கள். நுனி தானாகச் சுழலும் துண்டு, அதன்மேல் அழுத்தம் கூடாது.

மெகாமிங்க்ஸ்?

12 முகம், ஒவ்வொன்றும் ஐங்கோணம். உயரத்தை மட்டும் அளந்து ஏமாறுகிறவர்கள் அதிகம். தட்டையாக உட்காரவைத்தால் நடுப்பகுதி பிதுங்கி நிற்கும். 68 உயரம் உள்ள மெகாமிங்க்ஸின் குறுக்களவு 84 வரை போகும், அதாவது உயரத்தைப்போல 1.236 மடங்கு. ஓரங்கள் மழுங்கியிருந்தால் சற்றுக் குறையும். சதுர அறையே போதும், நான்கு மூலையிலும் மீதமாகும் இடத்தில் எண்ணெய்க் குப்பி ஒன்று நிற்கும்.

ஸ்கொயர்-1-ஐ எப்போதும் கனசதுர வடிவில் முடித்துவிட்டு வையுங்கள். கலைத்தால் அதன் வடிவமே மாறிவிடும், எந்த அறைக்கும் அடங்காது. கிளாக்கைத் தட்டுபோல நிறுத்திவைக்க ஒரு பள்ளம் போதும்.

காந்தம் வைத்த கியூப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளுமா?

கெடுக்காது. உள்ளே இருப்பவை மிகச் சிறிய காந்தங்கள். 4 மில்லிமீட்டர் தடுப்பும் இரு பக்க ஃபோமும் தாராளம். பயப்பட வேண்டியது இரும்புத்தூளுக்கு. உளி தீட்டிய மேசையில் கியூபை வைத்தால் தூள் இடுக்கு வழியாக உள்ளே போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்துத் துடைப்பதைத் தவிர வழியில்லை.

மூடிக்குக் காந்தம் வைப்பவர்கள் ஒட்டுவதற்கு முன் எந்த முகம் எந்த முகத்தை இழுக்கிறது என்று மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை நான்கில் ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். மூடியை வைத்துக் கையை எடுத்ததும் அந்த மூலை மட்டும் தானாக எழும்பி என்னைப் பார்த்தது.

தாழ்ப்பாளும் கீலும் பித்தளையில் வாங்குங்கள். நம் கடற்காற்றில் இரும்புக் கீல் ஓர் ஆண்டுகூடத் தாங்காமல் துருவை இறக்கும்.

வார்னிஷ் அடித்தவுடன் கியூபை வைக்கலாமா?

கூடாது. தின்னரின் ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கும். கியூப் செய்யப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் கரைத்தே விடும். மூடியைத் திறந்தபடி மூன்று வாரம் காற்றாட விடுங்கள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, மர வாசனை மட்டும் வந்தால் வைக்கலாம். உட்புறத்துக்கு மட்டும் அரக்குப் பூச்சு அடிப்பது என் வழக்கம். சாராயத்தில் கரைவது என்பதால் வாடை சீக்கிரம் போய்விடுகிறது.

பூச்சி வராமல் பாச்சை உருண்டை போடலாமா?

நாப்தலீன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். துணிப்பெட்டியோடு விட்டுவிடுங்கள். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும், செருப்பு வாங்கிய டப்பாவில் வருமே, அது.

அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய கியூப் இருக்கிறது. அதற்கும் இதே பெட்டிதானா?

அதற்குத் தனியாக ஒற்றை அறைப் பெட்டி செய்யுங்கள். 57 மில்லிமீட்டர் என்பதால் புதிய கியூபின் அறையில் இறுகும். வண்ண ஸ்டிக்கர்களின் ஓரம் ஏற்கெனவே எழும்பியிருக்கும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இன்னும் கொஞ்சம் உரியும். சந்து 4 மில்லிமீட்டர் விடுங்கள். உள்ளே இரும்புத் திருகும் சுருளும் இருக்கக்கூடும், ஆகவே சிலிக்கா ஜெல் அவசியம்.

போட்டிக்கு எடுத்துச் செல்லலாமா?

தாராளமாக. ஆனால் பலாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து சென்னை வரை ரயிலில் போய்ப் பாருங்கள், அடுத்த முறைக்கு பிளைவுட்டில் ஒன்று கேட்பீர்கள். பயணத்துக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட், நான்கு அறை, துணி வார் போதும்.

யாருடைய கியூப் என்று தெரிய, கியூபின் மேல் பெயர் எழுதாதீர்கள். ஒரு துண்டை அதுபோன்ற இன்னொரு துண்டிலிருந்து பிரித்துக் காட்டும் குறி எதுவும் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி. பெயரை அறையின் அடியில் எழுதுங்கள்.

இவ்வளவெல்லாம் முடியாது, எளிதாக ஏதாவது?

மூடியுள்ள பனையோலைப் பெட்டி வாங்கி, அட்டையைக் குறுக்கும் நெடுக்கும் பாதி வெட்டிக் கோத்து அறை பிரியுங்கள். காற்றோட்டம் உண்டு, எடை இல்லை. கருப்பட்டி வைத்திருந்த பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எறும்பு பின்னாலேயே வரும்.

ஆசாரியிடம் கொடுத்துச் செய்துவாங்கினால் என்ன சொல்ல வேண்டும்?

அளவை எழுதித் தராமல் கியூபையே கொண்டுபோய்க் கொடுங்கள், விரிக்கப்போகும் ஃபோமிலும் ஒரு துண்டு கூடவே கொடுங்கள். "இதைச் சுற்றி இந்த ஃபோம், அதற்கு மேல் முக்கால் நூல் சந்து" என்று சொன்னால் அவருக்குப் போதும். முக்கால் நூல் என்பது நம் 2 மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம், அதில் தவறில்லை. கூலியை முன்பே பேசிவிடுங்கள். சின்ன வேலைதானே என்று நீங்கள் நினைப்பீர்கள், ஆறு அறைக்குப் பல் வெட்டுகிறவர் அப்படி நினைக்க மாட்டார்.

கொடுக்கும் கியூப் கலைந்துதான் திரும்பிவரும். பட்டறையில் யாராவது ஒரு பேரப்பிள்ளை இருப்பான். ஒருமுறை தேன் பெட்டிப் பெரியவரிடம் விட்டுவந்த கியூப் இரண்டு முகம் மட்டும் சேர்ந்த நிலையில் வந்தது. பேரனா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, மூன்றாவது முகத்துக்கு என்ன வழி என்று கேட்டார்.